துணை நிற்க வேண்டிய பாட்டரி கைவிடும்போது

மின்சாரம் நின்றுபோவது எங்கள் இரும்புலியூருக்குப் புதிதன்று. காற்று பலமாக அடித்தால் விளக்கு அணையும். மழை பெய்தால் அணையும். சில நாட்களில் காற்றும் மழையும் இல்லாமலே அணையும். ஆனால் அணைந்த மறுவினாடியே பெரும்பாலான வீடுகளில் மின்விசிறி மறுபடியும் சுழலத் தொடங்கிவிடுகிறது. மாடிப்படியின் அடியிலோ வராந்தா மூலையிலோ இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு சிறு முனகலுடன் தன் வேலையைத் தொடங்குகிறது. நாமும் விட்ட இடத்திலிருந்து வீட்டுப்பாடம் எழுதுகிறோம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கனமான பாட்டரியைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அது வேலை செய்யாத அன்றுதான் அதன் பேச்சே எழுகிறது.

வீட்டில் அது வேலை செய்யாவிட்டால் வியர்க்கும், கொசு கடிக்கும். அதோடு போயிற்று. நம் தாய் தந்தையர் வேலைக்குப் போகும் இடங்களில் அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? எங்கள் விஞ்ஞான ஆசிரியை இவ்வாண்டு எங்கள் வகுப்புக்கு இதையே ஒரு வேலையாகக் கொடுத்தார். பணியிடத்தில் மின்சாரம் நின்றால் எது எது நிற்கிறது, எது எது தொடர்ந்து ஓடுகிறது, எதனால் ஓடுகிறது என்று அவரவர் வீட்டில் கேட்டு வரச் சொன்னார்.

பதில்கள் பலவிதமாக வந்தன. சானடோரியம் அருகிலுள்ள ஏற்றுமதி வளாகத்தில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாயார், “மெஷின்கள் எல்லாம் நின்றுவிடும், படிக்கட்டில் உள்ள சின்ன விளக்கு மட்டும் எரியும், அதைப் பார்த்துத்தான் இறங்குவோம்” என்றார். வங்கியில் பணிபுரியும் ஒரு தந்தை, “யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தால் கணக்கைப் பத்திரப்படுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்” என்றார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கும் ஒரு தந்தை மட்டும் அரைமணி நேரம் பேசினாராம். சிக்னல் விளக்குகளுக்கும் பாதையை மாற்றும் கருவிகளுக்கும் ஒரு அறை நிறைய பாட்டரிகள் வரிசையாக இருக்கின்றன; ஒவ்வொன்றின் அளவையும் குறித்து வைக்க ஒரு பதிவேடு இருக்கிறது; மின்சாரம் நின்றாலும் வண்டி நிற்காமல் போவது அந்த வரிசையினால்தான். ஆனால் மிகுதியாக வந்த பதில் வேறு. “எங்கள் ஆபீசில் பாட்டரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே” என்பதே அது. ஒருவர் மறுநாள் விசாரித்தபோது அது ஒரு பூட்டிய அறையில் இருப்பது தெரிந்தது. சாவி யாரிடம் என்பது தெரியவில்லை.

பாட்டரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்கினால் வியப்பாக இருக்கிறது. 1931-ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுகிறது. இன்று தலைக்குமேல் 25,000 வோல்ட் கம்பி போகும்போது அந்த வண்டிக்கு பாட்டரி எதற்கு என்று நாங்கள் கேட்டோம். அந்தக் கம்பியைத் தொடுவதற்குக் கூரையில் உள்ள சட்டம் எழ வேண்டும். சட்டம் எழக் காற்றழுத்தம் வேண்டும். இரவெல்லாம் பணிமனையில் நின்ற வண்டியில் காற்றழுத்தம் இறங்கியிருந்தால், அதை உண்டாக்கும் சிறு இயந்திரத்தை முதலில் ஓட்டுவது வண்டியின் பாட்டரி. ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தொட 110 வோல்ட் பாட்டரி கைகொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய கம்பித் தொலைபேசி மின்சாரம் இல்லாத வீட்டிலும் பேசியதற்குக் காரணமும் இதுவே. தொலைபேசி நிலையத்தில் உள்ள 48 வோல்ட் பாட்டரி வரிசை அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு மின்னோட்டம் அனுப்பியது. அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவழியில் நிற்கும்போது அதை மெல்ல நகர்த்தி அருகிலுள்ள தளத்தில் கதவைத் திறந்துவிடும் கருவிக்கும் பாட்டரி உண்டு. தீ எச்சரிக்கை மணிக்கும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று. வருடம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஒரு நாளில், அதுவும் மற்ற எல்லாம் கெட்டுப்போன நாளில், வேலை செய்ய வேண்டும்.

பெரிய கட்டடங்களில் மாற்று மின்சாரம் மூன்று கை மாறி வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். வாரியத்தின் மின்சாரம் நின்ற கணத்தில் யு.பி.எஸ். பாட்டரி சுமையைத் தாங்குகிறது. அதற்குள் டீசல் ஜெனரேட்டர் தானாகவே கிளம்ப வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் பத்துப் பதினைந்து வினாடிகளில் கிளம்பிச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பாட்டரி நெடுநேரம் உழைக்க வேண்டியதில்லை, இடைவெளியை நிரப்பினால் போதும் என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அவர்கள் மறந்துவிடுவது யாதெனில், ஜெனரேட்டரைக் கிளப்புவதும் ஒரு பாட்டரிதான். லாரியில் இருப்பது போன்ற அதே பாட்டரி. பல லட்சம் ரூபாய் ஜெனரேட்டர், தொட்டி நிறைய டீசல், எல்லாம் இருந்தும் சில ஆயிரம் ரூபாய் பாட்டரி ஒன்று செத்திருந்தால் அந்த இயந்திரம் வெறும் இரும்புதான். ஜெனரேட்டர் கிளம்பாததற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே என்று அதைப் பழுதுபார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அவர் எங்களுக்குச் சொன்னதை அப்படியே இங்கு எழுதுகிறோம். ஒரு நாள் இரவுப் பணியில் இருந்தபோது மின்சாரம் நின்றது. செயற்கைச் சுவாசக் கருவி தன் உள்ளே இருக்கும் பாட்டரியில் ஓடத் தொடங்கியது. அதன் முகப்பில் பாட்டரி நிறைந்திருப்பதாகவே காட்டியது. ஆனால் சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை மணி அடித்துக் கருவி நின்றுவிட்டது. எப்போதும் சுவரில் செருகியே வைத்திருந்ததால் அந்தப் பாட்டரி முதுமை அடைந்திருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. கீழே ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அவர் குழாயைக் கழற்றி, கையால் அழுத்தும் ஆம்பு பையைப் பொருத்தி, ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினார். வேகமாக அழுத்தினாலும் கேடு, மறந்தாலும் கேடு. பக்கத்துப் படுக்கைக்கு இன்னொரு செவிலியர் ஓடினார். மூன்றாவது படுக்கைக்கு ஆள் இல்லாமல் காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்து நிறுத்தினார்களாம். வேறு வண்டியிலிருந்து பாட்டரியைக் கழற்றி வந்து ஜெனரேட்டரைக் கிளப்பும் வரையில் இப்படியே நடந்தது. அன்று எல்லோரும் பிழைத்தார்கள். “கை வலித்ததா அத்தை?” என்று நாங்கள் கேட்டோம். “வலித்தது மறுநாள் காலையில்தான் தெரிந்தது” என்றார்.

எல்லா இடத்திலும் அப்படிப் பிழைத்துவிடவில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். ஆனால் அதன் கதையைக் கேட்காமல் இந்தப் பகுதியில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தப் பக்கமாகப் பாயும் அதே அடையாறுதான் திருநீர்மலையைக் கடந்து மணப்பாக்கத்தை அடைகிறது. அங்கே ஆற்றங்கரை அருகில் உள்ள மியாட் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்தது. ஜெனரேட்டர்கள் இருந்த இடத்தையும் நீர் சூழ்ந்து அவை நின்றன. வெளி மின்சாரமோ முன்பே இல்லை. தொலைபேசிகள் ஓய்ந்திருந்தன, சாலைகள் ஆறாகியிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 18 பேர் இறந்ததாக அரசு தெரிவித்தது. சுவாசக் கருவிகள் நின்றதே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். அவர்கள் ஏற்கெனவே மிகவும் கவலைக்கிடமான நிலையில் இருந்தவர்கள் என்று மருத்துவமனை கூறியது. எது எவ்வளவு காரணம் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. ஆனால் பாட்டரிகள் சில மணி நேரத்துக்கே என்பதும், அதற்குப் பின்னால் வரவேண்டிய ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளம் அதை முதலில் தேடி வரும் என்பதும் அன்று சென்னைக்கே தெரிந்துவிட்டது. கைப்பேசிக் கோபுரங்களும் அவ்வாறே ஓய்ந்தன. அவற்றின் பாட்டரிகள் தீர்ந்தன. டீசல் கொண்டுபோக வழியில்லை. உதவி கேட்க வேண்டிய நேரத்தில் வாய் அடைத்துப்போயிற்று.

2019-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி மாலை மதுரையில் பலத்த காற்றும் மழையும் வந்தபோது அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. அந்த வேளையில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் இறந்தனர். மாற்று மின்சாரம் உடனே வரவில்லை என்று உறவினர்கள் குற்றம் சாட்டினர். இறப்புக்கு மின்தடை காரணமல்ல என்று நிர்வாகம் மறுத்தது. இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரி வாதம் எழுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கருவியின் உள்பாட்டரி எத்தனை நிமிடம் தாங்கியது என்று எழுதிவைத்த பழக்கம் எங்கும் இருந்தால், இத்தகைய வாதத்தில் பாதி தேவைப்படாது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பிற தொழில்களையும் பார்ப்போம். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் இல்லை. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னிந்தியத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் மற்றவற்றோடு முழுமையாக இணைந்தது. அன்று மேற்கு வங்காளத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 200 தொழிலாளர்கள் பூமிக்கடியில் மாட்டிக்கொண்டார்கள், ஏனெனில் அவர்களை மேலே கொண்டுவரும் லிஃப்ட் நின்றுவிட்டது. பின்னர் அனைவரும் பத்திரமாக மேலே வந்தனர். மாலை முரசு கேட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், மேலே எப்போது போவோம் என்று தெரியாமல் தலைவிளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைவிளக்கும் பாட்டரிதான்.

இலங்கையில் 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதற்குப் பாணந்துறை துணை மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைக் காரணம் சொன்னார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் மின்சாரம் நிற்பதற்கான காரணத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு அந்தக் குரங்கைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

பாட்டரி கைவிட்ட கதைகளில் மிகப் பெரியது ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்துடையது. 2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2.46 மணிக்குப் பூகம்பம் வந்தது. வெளி மின்சாரம் அறுந்தது, டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகக் கிளம்பின. அதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஏறக்குறைய 50 நிமிடங்களில் கடல் வந்தது. அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் மூழ்கின. முதல் இரண்டு உலைகளின் பாட்டரிகளும் நனைந்து போயின. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகளோடு அளவுமானிகளும் இறந்தன. உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. மூன்றாம் உலையின் பாட்டரிகள் நனையவில்லை. எட்டு மணி நேரத்துக்கென அமைக்கப்பட்ட அவற்றை, தேவையற்ற சுமைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஒரு நாளுக்கும் மேலாக ஓட்டினார்கள். மற்ற உலைகளின் ஊழியர்கள் செய்ததுதான் மனதை உருக்குகிறது. வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்க் கார்களிலிருந்து பாட்டரிகளைக் கழற்றி வந்து, அளவுமானிகளோடு இணைத்து, கைவிளக்கின் ஒளியில் முள் எங்கே நிற்கிறது என்று படித்தார்கள். பின்னர் பத்து 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 120 வோல்ட் உண்டாக்கி, அழுத்தம் குறைக்கும் வால்வைத் திறக்க முனைந்தார்கள். நாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் தொடர் இணைப்புப் பாடம் அங்கே அணு உலைக்கு முன்னால் நடத்தப்பட்டது.

சரி, நன்றாக இருந்த பாட்டரி ஏன் கெட்டுப்போகிறது? நம் ஊரில் பெரும்பாலும் பயன்படுவது ஈய அமில சேமக்கலம். 1859-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தது. இன்றும் அடிப்படை மாறவில்லை. ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. ஒரு அறைக்குச் சுமார் 2 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். மின்சாரம் எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்தால் எல்லாம் பழையபடி திரும்புகிறது. ஆனால் தீர்ந்துபோன பாட்டரியைப் பல நாள் அப்படியே போட்டுவிட்டால், அந்த சல்பேட் கெட்டிப் படிகமாகி மறுபடி கரைய மறுக்கிறது. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் அலுவலகங்களில் பாட்டரி சாவது இவ்வாறுதான்.

வெயில் இன்னொரு எதிரி. பாட்டரியின் ஆயுளைக் கணக்கிடுவது 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அக்கினி நட்சத்திரத்தில் தகர ஷெட்டுக்குள் வைத்த பாட்டரி எத்தனை வருடம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யந்திரத்தைக் குளிர்ச்சியான அறையில் வைத்துவிட்டு, இடமில்லை என்று பாட்டரியை மொட்டை மாடி அறையில் வைப்பவர்களை என்ன சொல்வது!

தண்ணீர் ஊற்றுவதிலும் அலட்சியம் உண்டு. அமிலத்திலுள்ள நீர் மெல்ல ஆவியாகிறது; சிறிது பிரிந்து வாயுவாகவும் போகிறது. காய்ச்சி வடித்த நீரைத்தான் சேர்க்க வேண்டும். எங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த உப்பெல்லாம் தகட்டிலும் படியும். “ஒரு டம்ளர்தானே” என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நஞ்சு ஊற்றுவதற்குச் சமம். மூடி போட்ட ‘பராமரிப்பு வேண்டாத’ பாட்டரிகளும் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு அவற்றைச் சோதிக்கவும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணக்கும் ஏமாற்றும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும். பெருக்கினால் 1,800 வாட் மணி. 600 வாட் சுமையை மூன்று மணி நேரம் ஓட்டலாம் என்று தோன்றும். ஓடாது. இன்வெர்ட்டரில் ஒரு பகுதி வீணாகிறது. வேகமாக எடுக்க எடுக்க பாட்டரி தரும் மொத்த அளவே குறைகிறது. முழுவதையும் வழித்தெடுத்தால் அது சீக்கிரம் கெடும். புதிதாக இருக்கும்போதே இரண்டு மணி நேரம் வந்தால் நல்லது. மூன்று வருடம் கழித்து அதுவும் வராது. ஆனால் அலுவலகச் சுவரில் ‘மூன்று மணி நேரம்’ என்று ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கும்.

பெரிய யு.பி.எஸ்.களில் பல பாட்டரிகள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மாலையில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மாலையே உதிர்வது போல, அவற்றில் ஒன்று உள்ளுக்குள் அறுந்தால் எல்லாம் பயனற்றவை. இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சுமை இல்லாமல் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் கெட்ட பாட்டரிகூட 12.6 வோல்ட் என்று பெருமையாகக் காட்டும். வீட்டில் பாட்டியிடம் தடையில்லாமல் ஒப்பித்துவிட்டு மேடையில் ஏறியதும் ஒரு வரியும் வராமல் நிற்கும் பெண்ணைப் போன்றது அது. எனவே உண்மையான சுமையைக் கொடுத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதே சோதனை. நாங்கள் வகுப்பில் இரண்டு பழைய பாட்டரிகளை வைத்துச் செய்து பார்த்தோம். இரண்டும் முதலில் ஒரே அளவு காட்டின. பல்பை இணைத்ததும் ஒன்று நன்றாக எரிந்தது. மற்றது சிவந்து அணைந்தது. மாதம் ஒருமுறை வேண்டுமென்றே மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்க்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். வேலை கெடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு, மின்வாரியம் ஒரு நாள் அந்தச் சோதனையைத் தானே நடத்திவிடும்.

இதுவரை சொன்னது பாட்டரி பேசாமலிருந்து செய்யும் தீங்கு. அது வாய் திறந்து செய்யும் தீங்கும் உண்டு. அதனால் முதலில் துன்பப்படுகிறவர் பாட்டரி அறையில் வேலை செய்யும் தொழிலாளிதான். மின்னேற்றத்தின்போது, சிறப்பாக அளவுக்கு மீறிய மின்னேற்றத்தின்போது, ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட மிக லேசானதால் கூரையடியில் சேர்கிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்ற நமது கடற்படையின் சிந்துரட்சக் நீர்மூழ்கிக் கப்பலில் பாட்டரியின் பழுதான வால்விலிருந்து கசிந்த ஹைட்ரஜன் தீப்பிடித்து ஒரு மாலுமி உயிரிழந்தார். கப்பலுக்கு மட்டுமல்ல, சன்னல் இல்லாத பாட்டரி அறைக்கும் இந்த விதி பொருந்தும். மாடிப்படிக்குக் கீழே அலமாரி செய்து, கதவும் போட்டு, உள்ளே இன்வெர்ட்டரை வைத்து, அதன் மேலேயே சாமான்களை அடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலே ஒரு துவாரமாவது இருக்கிறதா என்று இன்று போய்ப் பார்க்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வளையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு உலோக வளையலோ ஸ்பேனரோ பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதில் பாயும். வளையல் கழற்றுவதற்குள் பழுத்துவிடும். ஆகவே பாட்டரியைத் தொடுமுன் கையில் கழுத்தில் உள்ள நகையைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிய வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால் வேறு மருந்து தேடாமல் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் ஓட வேண்டும். அமிலம் நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது. இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மிஸ் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது லித்தியம் பாட்டரிகள் வந்துவிட்டன. எடை குறைவு, ஆயுள் அதிகம், தண்ணீர் வேண்டாம். ஆனால் ஒரு அறையில் வெப்பம் கட்டுமீறினால் அது அடுத்ததைச் சூடாக்கி, அது அதற்கடுத்ததைச் சூடாக்கி, தீ தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. தென்கொரியாவில் 2022 அக்டோபர் 15-ஆம் தேதி பாங்கியோ என்ற இடத்தில் ஒரு கணினி மையத்தின் பாட்டரி அறையில் தீப்பற்றியது. அந்நாட்டினர் செய்தி அனுப்பவும் வாடகைக் கார் அழைக்கவும் பணம் செலுத்தவும் நம்பியிருந்த காக்காவ் சேவைகள் நின்றன. முழுதும் சீராகச் சில நாட்கள் பிடித்தன. அதே நாட்டில் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அரசின் கணினி மையத்தில் பாட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீ மூண்டு, 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் முடங்கின. மின்தடையிலிருந்து காப்பாற்ற வைத்த பொருளே மின்தடையைவிடப் பெரிய கேட்டைச் செய்த விந்தையை அங்கே காண்கிறோம். பாட்டரியையும் அது காக்க வேண்டிய யந்திரத்தையும் ஒரே அறையில் வைக்கலாமா என்று அங்கே இப்போது கேட்கிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்தபின் சிக்னல் பிரிவுத் தந்தையின் பதிவேட்டை நாங்கள் மறுபடி நினைத்துக்கொண்டோம். அவர் காட்டிய மாதிரித் தாளில் தேதி, ஒவ்வொரு அறையின் வோல்ட், அமிலத்தின் ஒப்படர்த்தி, தண்ணீர் ஊற்றிய அளவு, பார்த்தவர் கையெழுத்து என்று ஐந்தே கட்டங்கள்தான். பாட்டரியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அது வேலைக்கு வந்த மாதமும் வருடமும் எழுதியிருக்குமாம். முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளைப் பொடியைத் துடைத்து வாசலின் தடவுவதும் அந்த வேலையில் சேரும். பெரிய செலவு எதுவுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு பொறுப்பான ஆள்.

கெட்டுப்போன பாட்டரி எங்கே போகிறது என்பதையும் விசாரித்தோம். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பாட்டரியைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களே பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யப் பொறுப்பேற்க வேண்டும். கடைக்காரர்கள் பழைய பாட்டரிக்கு ஒரு விலை வைத்துப் புதியதில் கழித்துக்கொள்கிறார்கள், ஏனெனில் அதிலுள்ள ஈயத்துக்கு நல்ல மதிப்பு. அந்த மதிப்பினால்தான், வீதியில் கூவிக்கொண்டு வருகிறவர்களும் அதைக் கேட்கிறார்கள். அவர்களிடமிருந்து அது எங்காவது ஒரு கொல்லைப்புறத்துக்குப் போய், அமிலம் சாக்கடையில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுமானால், அந்தப் புகையும் தூசியும் அங்கே விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரையில் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவில் பழைய பாட்டரி இருந்த இரண்டு வீடுகளில் இம்முறை அதைக் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்கினார்கள். வீதியில் கேட்டவர் ஐம்பது ரூபாய் அதிகம் தருவதாகச் சொன்னாராம்.